கரக்பூரிலிருந்து பெர்லினுக்கு

இரயில்வேக் குடும்பத்தில் பிறந்தவர்க்குப் பயணம் என்பது பெருஞ்செய்தியன்று. பாஸ் எழுதி வாங்குவதும், படுக்கை இடம் பதிவு செய்வதும், புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு சென்னை மெயிலில் ஏறி அமர்வதும் எங்களுக்குச் சிறு வயது முதலே கைவந்த பழக்கங்கள். எங்கள் பாட்டனார் பெங்கால்–நாக்பூர் இரயில்வேயின் பணிமனையில் வேலை தேடி, ஒரு தகரப் பெட்டியுடன் விழுப்புரத்தை விட்டுக் கரக்பூர் வந்து சேர்ந்தவர். அன்று முதல் மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தின் வரவும் செலவும் இருப்புப் பாதையின் மேலேயே நடந்து வருகின்றன. அத்தகைய இல்லத்திலிருந்து, 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், எங்கள் தங்கை இரண்டு நேர்முகத் தேர்வுகளுக்காக ஜெர்மனி நாட்டுக்குப் போய் வந்தாள். எந்தப் பாஸும் செல்லாத பயணம் அது. அதற்காக நாங்கள் பட்ட பாட்டையும், அதனால் பெற்ற அறிவையும் நம் சங்கத்து அன்பர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

எங்கள் தந்தையார் வண்டிப் பெட்டிகளைச் சோதிக்கும் பிரிவில் பணியாற்றியவர். வண்டி வந்து நின்றதும் நீண்ட காம்புள்ள சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டி ஒலி கேட்பார். நல்ல சக்கரம் மணி போல் ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாய் ஒலிக்கும். 2008-இல் அவர் பணியில் இருக்கும்போதே காலமானார். பத்தாம் வகுப்புத் தேறிய தகுதியைக் கொண்டு, கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அப்போது தங்கைக்கு வயது பதின்மூன்று. வீட்டில் ஒருவரேனும் படிப்பை முடிக்க வேண்டும் என்று அன்னையார் அன்றே உறுதி செய்துவிட்டார்கள். தங்கை பொறியியல் படித்தாள். பிறகு நம் ஊரிலேயே, 1951-இல் ஹிஜ்லிச் சிறைக் கட்டடத்தில் தொடங்கப்பெற்ற ஐ.ஐ.டி.யில் சேர்ந்து, ஐந்தாண்டுகள் உழைத்து, உலோகவியலில் டாக்டர் பட்டத்துக்குரிய ஆராய்ச்சியை முடித்தாள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் உலோகச் சோர்வு. மனிதன் போலவே எஃகும் ஓயாது சுமை தாங்கினால் சோர்ந்து, ஒருநாள் சொல்லாமல் முறிந்துவிடுகிறது. அது ஏன், எப்போது என்பதே அவளுடைய கேள்வி.

டாக்டர் பட்டத்தோடு படிப்பு முடிந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். ஆராய்ச்சித் துறையில் நிலைத்து நிற்க விரும்புவோர்க்கு அதன் பின்னும் ஒரு படி உண்டு. அதனைப் போஸ்ட்டாக் என்பர். ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக் குழுவில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் சம்பளம் பெற்று உழைக்கும் பணி அது. மாணவரும் அல்லர், ஆசிரியரும் அல்லர்; இடைப்பட்ட நிலை. நம் அலுவலக மொழியிற் சொல்வதானால் தற்காலிகப் பதவி. ஜெர்மனியில் 2007-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம், பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று இத்தகைய தற்காலிகப் பணிக்கு வரம்பு கட்டியிருக்கிறது. அதற்குள் நிலையான இடம் தேடிக்கொள்ள வேண்டும். ஓய்வூதியம் உள்ள வேலையே வேலை என்று வளர்ந்த நம் போன்றோர்க்கு இது எளிதில் விளங்காது.

தங்கை எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஐந்து இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஓரிடத்தில் இடமில்லை என்றார்கள். பெர்லினில் ஒரு குழுவும் ஆகன் நகரில் ஒரு குழுவும் முதலில் கணினித் திரை வழியாகப் பேசிப் பார்த்தன. இந்நாளில் பெரும்பாலான தேர்வுகள் அத்துடன் முடிந்துவிடுகின்றன. ஆனால் இவ்விரு இடங்களிலும் நேரில் வருமாறு அழைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பொறிகளின் அருகே நின்று பேசினால்தான் ஒருவர் திறமும் குணமும் தெரியும் என்பது அவர்கள் கருத்து.

அழைப்பு வந்த அன்று வீட்டில் மகிழ்ச்சியைவிட வாதமே மிகுந்தது. விழுப்புரத்திலிருந்து மாமா தொலைபேசியில் அழைத்தார். “இருபத்தொன்பது வயதுப் பெண். இங்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிரந்தர வேலை பேசி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே நல்ல வரனும் இருக்கிறது. இரண்டு ஆண்டு வேலைக்காகக் கடல் தாண்டிப் போய்ப் பரீட்சை கொடுப்பார்களா?” என்றார். அவர் சொன்னதில் அன்பு இருந்தது, நியாயமும் இருந்தது. தங்கை ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. “மாமா, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்றாள். கல்லூரிக்காரர்கள் டிசம்பர்க் கடைசி வரையில் காத்திருக்க இசைந்தார்கள். ஆகவே இரண்டு திங்களுக்குள் ஒரு முடிவு காண வேண்டியதாயிற்று.

அடுத்தது பணம். விமானச் சீட்டு 68,000 ரூபாய். விசாவுக்கும், விண்ணப்ப மையத்தின் கட்டணத்துக்கும், காப்பீட்டுக்கும் 12,000. குளிருக்கு மேலங்கியும் காலணியும் 9,000. கைச்செலவுக்கு 300 யூரோ; அது 27,000 ரூபாய். ஆக மொத்தம் 1,16,000. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 80,000 கடன் வாங்கினோம். மீதியை அன்னையார் குடும்ப ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பெர்லின் குழுவினர் விமானச் செலவில் 600 யூரோ வரையில் தருவதாகவும், ஆகன் குழுவினர் உள்நாட்டு இரயில் கட்டணமும் இரண்டு இரவுத் தங்கலும் தருவதாகவும் எழுதியிருந்தனர். ஆனால் கைப்பணம் போட்டுச் செலவு செய்து, திரும்பி வந்து கணக்குக் காட்டிய பின்னரே விமானப் பணம் வரும். வசதி உள்ள வீட்டுக்கு இது ஒரு பொருட்டன்று. நம் போன்ற வீட்டுக்கு, தேர்வு தொடங்குமுன் நடக்கும் இன்னொரு தேர்வு இது.

விசாவைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்வோம். லக்ஸம்பர்க் நாட்டில் ஷெங்கன் என்று ஒரு சிற்றூர் உண்டு. 1985-இல் அங்கே கையெழுத்தான ஒப்பந்தத்தின் பயனாக இன்று 29 ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா போதும். அதனைக் கொண்டு 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரையில் தங்கலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்க்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு திங்களுக்கு முன்னதாகவும் விண்ணப்பிக்கலாம்; பதினைந்து நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்கலாகாது. முடிவு சொல்ல வழக்கமாகப் பதினைந்து நாட்களும், ஐயமிருந்தால் நாற்பத்தைந்து நாட்களும் ஆகலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, போக்குவரத்துப் பதிவு, தங்குமிடச் சான்று ஆகியவையும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, “இவர் திரும்பி வருவார்” என்பதற்குச் சான்று வேண்டும். வேலை இன்னும் கிடைக்காத, மணமாகாத பெண்ணுக்கு இதுவே கடினம். ஐ.ஐ.டி.யிலிருந்து பட்டமளிப்பு இன்னும் நடைபெறவில்லை என்ற கடிதமும், எங்கள் சம்பளச் சான்றும், செலவை ஏற்கிறோம் என்ற உறுதிமொழியும் இணைத்தோம். கோப்பு அமைப்பது எங்கள் தொழில். ஒவ்வொரு தாளுக்கும் எண் இட்டு, முகப்பில் பட்டியல் எழுதி, நூல் கோத்துக் கொடுத்தோம். கல்கத்தா மையத்தில் விரல் ரேகை வாங்கிய பெண்மணி அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “உங்கள் வீட்டில் யாரோ இரயில்வேயில் இருக்கிறார்கள்” என்று வங்காளியில் சொன்னாராம். பதினான்காம் நாள் பாஸ்போர்ட் வந்தது.

நேர்முகத் தேர்வு என்றால் நாற்காலியில் அமர்ந்து நாலு கேள்விக்குப் பதில் சொல்வதன்று. முதலில் குழுவினர் அனைவர் முன்னிலையிலும் முக்கால் மணி நேரம் தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொற்பொழிவாற்ற வேண்டும். பின்னர்க் கேள்விகள். அதன் பிறகு பேராசிரியருடனும், குழுவிலுள்ள ஒவ்வொருவருடனும் தனித்தனியே அரைமணி நேரம் பேச வேண்டும். உணவு வேளையிலும் தேர்வு நடந்துகொண்டேயிருக்கும். ஆதலால் பயிற்சி வேண்டும் என்றாள் தங்கை. நம் சங்க அறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழ் வகுப்பு முடிந்த பின், செயலாளர் மனமுவந்து திறந்து கொடுத்தார். வெள்ளைச் சுவரே திரை. அன்னையாரும், ஓய்வு பெற்ற ஓட்டுநர்களும் கார்டுகளும், தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் கேட்போர். நாங்கள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டோம்.

அன்று அவள் சொன்ன ஒரு வரலாறு அனைவரையும் ஈர்த்தது. 1842 மே 8-ஆம் நாள் பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸ் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய வண்டியின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றேறித் தீப்பற்றின. கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தமையால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நல்ல இரும்பு எவ்வாறு முறிந்தது என்று பொறியாளர் பலர் திகைத்தனர். அகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய இரயில்வேப் பொறியாளர் 1850-களிலும் 1860-களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதனை செய்து உண்மையைக் கண்டார். ஒரே முறை ஏற்றினால் எளிதில் தாங்கக்கூடிய சுமையே, இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும்போது எஃகை முறித்துவிடுகிறது. ஆயினும் ஓர் எல்லைக்குக் கீழ்ப்பட்ட சுமையை அந்த எஃகு நெடுங்காலம் தாங்குகிறது. இன்றும் அவர் பெயராலேயே அந்த வரைகோடு வழங்குகிறது. இதனைக் கேட்டதும் எங்கள் தந்தையாரோடு பணியாற்றிய பெரியவர் ஒருவர் எழுந்தார். “அம்மா, நீ சோதிப்பது பளபளக்கும் புதுத் துண்டு. வண்டியில் ஓடுவதோ துருவேறியது, ஜல்லி அடிபட்டது. உன் கணக்கு அதற்குப் பொருந்துமா?” என்றார். தங்கை சற்று நின்றாள். “முழுதும் பொருந்தாது, தாத்தா. துரு இருந்தால் அந்த எல்லையே இல்லாமற் போய்விடுகிறது” என்றாள். அன்றிரவு உட்கார்ந்து தன் சொற்பொழிவின் கடைசிப் பகுதியை மாற்றி எழுதினாள்.

நவம்பர்த் திங்கள் நடுவில் கல்கத்தாவிலிருந்து தோஹா வழியாகப் பெர்லின் சென்றாள். மாலை நான்கு மணிக்கே அங்கே இருட்டிவிடுகிறது என்று செய்தி அனுப்பினாள். எங்கள் ஆர்வம் முழுவதும் இரயிலில் இருந்தது. பெர்லின் மத்திய நிலையம் 2006-இல் திறக்கப்பட்டதாம். மேல் தளத்தில் ஒரு திசையிலும், நிலத்தின் கீழ் வேறொரு திசையிலும் வண்டிகள் ஓடுகின்றன. பிளாட்பாரத்துக்குள் நுழைய யாரும் சீட்டுக் கேட்பதில்லை, வண்டிக்குள்ளேயே சோதிக்கிறார்கள். புறப்படும் வண்டிகளின் பட்டியல் மஞ்சள் தாளில் ஒட்டப்பட்டிருக்கும். பிளாட்பாரத்தை எழுத்துகளால் பகுத்து, எந்தப் பெட்டி எந்த எழுத்தின் அருகே நிற்கும் என்று முன்னரே காட்டிவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் அவள் படம் பிடித்து அனுப்ப, எங்கள் அலுவலகத்தில் அவை மேசைக்கு மேசை சென்றன.

பெர்லின் தேர்வு காலை பத்து மணிக்கு. நம் நாட்டில் அப்போது பிற்பகல் இரண்டரை. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் எழுதாமல் அமர்ந்திருந்தோம். சொற்பொழிவு நன்றாகவே அமைந்தது என்றாள். ஆனால் அங்குள்ளோர் கணிப்பொறி மூலம் கணக்கிடும் முறையில் வல்லவரை நாடினர். அவளோ கையால் சோதனை செய்து பழகியவள். “கேள்விகள் மரியாதையாகவே இருந்தன, அண்ணா. ஆனால் அவர்கள் தேடுகிற ஆள் நானில்லை என்று மதிய உணவின்போதே தெரிந்துவிட்டது” என்று இரவு சொன்னாள். அன்று நாங்களும் அன்னையாரும் சரியாக உண்ணவில்லை.

மறுநாள் கொலோன் நகரில் வண்டி மாறி ஆகன் சென்றாள். கொலோன் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே வானளாவிய தேவாலயம். பல நூற்றாண்டுகளாகக் கட்டப்பட்டு 1880-இல் நிறைவு பெற்றது. ஆகனில் ஆய்வுக்கூடம் பழையது. பொறிகள் எண்ணெய் மணக்க ஓடிக்கொண்டிருந்தனவாம். சொற்பொழிவு முடிந்ததும் பேராசிரியை கேட்ட முதற்கேள்வி, ஏறத்தாழ நம் சங்க அறையில் பெரியவர் கேட்டதே: “துருப்பிடித்த பழைய அச்சுக்கு இது பொருந்துமா?” தங்கை, பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்டு, அதனை அறியவே இங்கு வர விரும்புவதாகச் சொல்லி, அதற்கென மாற்றி எழுதிய பகுதியைக் காட்டினாள். இந்தப் பொருளை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று இன்னொருவர் கேட்டபோது, தந்தையாரின் சுத்தியலைப் பற்றிச் சொன்னாளாம். சிறிது நேரம் யாரும் பேசவில்லையாம். பின்னர் அவர்கள் அவளைக் கூடத்துக்கு அழைத்துச் சென்று, முறிந்த அச்சு ஒன்றைக் கையில் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் கணக்கு. விமானச் சீட்டு, ஏறும்போது கொடுத்த அட்டை, இரயில் சீட்டு, விடுதி இரசீது என ஒரு துண்டுத் தாளையும் விடாமல் வைத்திருக்க வேண்டும் என்று முன்னரே ஓர் உறை கொடுத்து அனுப்பியிருந்தோம். பயணப்படி பில் எழுதிப் பழகிய கை எங்களுடையது. ஒரே நாளில் படிவங்களை நிரப்பிவிட்டோம். எங்கள் வங்கிக் கிளைக்கு வெளிநாட்டுப் பணம் பெறும் குறியீடு இல்லாமையால், வேறொரு கிளையின் குறியீட்டைக் கேட்டுப் பெற்று அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து 52,000 ரூபாய் வந்தது. அது நேரே கடன் சங்கத்துக்குப் போயிற்று.

பெர்லினிலிருந்து பத்து நாளில் மறுப்பு வந்தது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஆகனிலிருந்து இரண்டாண்டுப் பணிக்கு அழைப்பு வந்தது. இப்போது மேசையின் மீது இரண்டு கடிதங்கள்: ஒன்று நிரந்தரம், ஒன்று தற்காலிகம். மாமா மறுபடியும் அழைத்தார். இரண்டாண்டு கழிந்த பின் அவளுக்கு எங்கே வேலை என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்களில் எவரிடமும் பதில் இல்லை, இன்றும் இல்லை. அன்னையார் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்கள்: “உங்கள் தாத்தா இந்த ஊருக்கு வரும்போதும் நிரந்தரம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவருடைய அம்மா அழுதிருப்பாள். அழுதுவிட்டுப் போய் உலை வைத்திருப்பாள். இவள் போகட்டும்.” தங்கை கல்லூரிக்கு நன்றி கூறி எழுதினாள். மாமாவுக்கு வருத்தம்தான். ஆயினும் குளிருக்கென்று ஒரு கம்பளி அனுப்பி வைத்தார். வேலைக்குரிய நீண்டகால விசாவைத் தனியே பெற்று, 2025 ஏப்ரலில் அவள் ஆகன் சென்றாள். ஞாயிறுதோறும் அன்னையாருடன் பேசுகிறாள். அன்னையார் பேசும்போது சிரிக்கிறார்கள். பேசி முடித்ததும் சற்று நேரம் தனியே இருக்கிறார்கள்.

கடல் கடந்து கற்கச் செல்வது நம்மவர்க்குப் புதிதன்று. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் இருந்த இராமானுஜன் 1914 மார்ச்சு 17-ஆம் நாள் கப்பலேறினார். சந்திரசேகர் 1930-இல் பம்பாயிலிருந்து புறப்பட்டுக் கேம்பிரிட்ஜ் சென்றார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன், போஸ்ட்டாக் பணிக்குப் பின் ஏறத்தாழ 50 இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பதவி கிட்டாமல் திரும்பியவர். 2009-இல் நோபல் பரிசு பெற்றார். அவர்கள் மேதைகள்; எங்கள் தங்கை அவ்வாறு அல்லள். ஆனால் மறுப்புக் கடிதம் மேதையின் வீட்டுக்கும் வரும், நம் வீட்டுக்கும் வரும் என்பதை இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் இல்லங்களில் பல பிள்ளைகள் உயர்படிப்புப் படிக்கிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் சொல்வது நமக்கு விளங்காது என்று ஒதுங்கிவிடலாகாது. தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத இடத்தில் கேள்வி கேளுங்கள். நம் அநுபவம் கேட்கும் கேள்வி அவர்களுக்குப் பயன்படும். செயலாளர் ஞாயிறு மாலைகளில் சங்க அறையைத் திறந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். விசாக் கோப்பின் நகலும், செலவுப் படிவங்களின் நகலும் எங்களிடம் உள்ளன. வேண்டுவோர் மாலை ஆறு மணிக்கு மேல் எந்நாளும் இல்லத்துக்கு வரலாம். உடனிருந்து எழுதிக் கொடுக்கக் காத்திருக்கிறோம்.